நான் துக்கம் கேட்கப் போய்த் தவறிப்போன வீடு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி மறந்துவிட்டது. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளில் அமெரிக்காவில், சான் ஹோசேயில் மகன் சேகர் வீட்டில் இருந்தேன். அவனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கோர்ட்டுக்கு ஓடுவான். இறந்தவர்களின் சொத்து ஃபைல்களை அங்கே யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். யார் போனார், வீடு யாருக்கு என்று பார்த்து வந்து, வாரிசிடம் போய் விலைக்குக் கேட்பான். (நம்ம ஊர்ல இப்படிக் கேட்டா செருப்பு பறக்கும்!) இங்கே கதவைச் சாத்தினார்கள், அவ்வளவுதான்.

"இதுவும் போச்சுன்னா இந்த இன்வெஸ்ட்மென்ட் பைத்தியத்தை விட்டுடணும்" என்று மருமகள் மாலா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால் கடைசி முயற்சிக்கு என்னையும் கிளப்பினான்.

"வயசானவங்க கூட வந்தா நம்புவாங்கம்மா. நீ பேசவே வேணாம், சும்மா உக்காரு."

எனக்கு நன்றாக வருவது அது ஒன்றுதான். அந்நியர் முன்னால் தும்மக்கூட வெட்கப்படுவேன்.

கதவைத் திறந்தது இறந்தவரின் மகள், ஐம்பது வயது வெள்ளைக்காரி. சுவரில் அப்பாவின் படம். துக்க வீட்டுக்கு வந்து சும்மா உட்காருவதா? அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

"அம்மா! அவர் போய் எட்டு மாசம் ஆச்சு!"

"இருக்கட்டும்டா, நாம இன்னைக்குத்தானே வர்றோம்?"

அவளும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். 'இதுவரை வந்தவர்கள் வீட்டைத்தான் பார்த்தார்கள். அப்பாவை நீங்கள்தான் பார்த்தீர்கள். உங்களுக்கே தருகிறேன்' என்றாளாம். காபி கொண்டுவர உள்ளே போனாள். சேகர் முகத்தில் பல்லைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

அப்போதாவது நான் உட்கார்ந்திருக்கலாம். துக்கம் கேட்டாயிற்று; கிளம்ப வேண்டும். சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. (இதுக்கெல்லாம் எந்தக் கோர்ட்ல ஃபைல் இருக்கு?) எழுந்து விறுவிறுவென்று தெருவுக்கு வந்துவிட்டேன்.

"அம்மா, அது ஃப்ரீவேக்குப் போற வழி!" என்று சேகர் பின்னால் ஓடிவந்தான். நான் நிற்கவில்லை.

அவன் என்னைப் பிடித்து இழுத்து வந்தபோது அவள் காபி ட்ரேயோடு வாசலில் நின்றாள். துக்க வீட்டில் 'வர்றேன்' என்று சொன்னால் மறுபடியும் துக்கத்துக்கு வருவதாகிவிடும் என்ற எங்கள் வழக்கத்தைச் சேகர் விளக்கினான். 'அப்படியானால், என் அப்பா வீட்டுக்கு மறுபடி வரக் கூடாதென்றா ஓடினீர்கள்?' என்று கேட்டுக் கதவைச் சாத்தினாள். வீட்டை வேறு யாரோ வாங்கினார்கள்.

எங்கள் வீட்டுக்குள்ளும் அவனைக் குளிக்காமல் நுழைய விடவில்லை. டையோடு நிறுத்தி, தோட்டக் குழாயில் தலையோடு தண்ணீர் ஊற்றினேன். "வீடு கிடைச்சுதா?" என்று கேட்டபடி வந்த மாலா, அவனைப் பார்த்ததும் துண்டெடுக்கத் திரும்பிவிட்டாள். அதோடு அவனுடைய கோர்ட் படிப்பு முடிந்தது.

இன்றும் எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் மாலா முந்திக்கொள்கிறாள்: "ஆன்ட்டி, எங்க அத்தை சொல்லிட்டுத்தான் கிளம்புறாங்க, பாத்துக்குங்க!"

அந்த வீடு இருந்த ஊர் சன்னிவேலா மில்பிடாஸா என்பது மறந்துவிட்டது. யாராவது சேகரிடம் கேட்டுச் சரிபார்த்துப் போடுங்கள். நான் கேட்டால் எழுந்து போய்விடுகிறான், சொல்லிக்கொள்ளாமல்.