பண்புள்ள கல்

ஒன்றாம் வகுப்பில் கல்லைப் பற்றி ஒரு பாடம் உண்டு. பிள்ளைகள் ஆளுக்கு நாலு கல் பொறுக்கி வர வேண்டும். தொட்டுப் பார்த்து, தூக்கிப் பார்த்து, நகத்தால் கீறிப் பார்த்து, தண்ணீரில் போட்டுப் பார்த்து இனம் பிரிக்க வேண்டும். இதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வராது என்றுதான் டீச்சர் நினைத்தாள், பாவம்.

அவள் செய்த ஒரே பிழை, கரும்பலகையில் 'கற்களின் பண்புகள்' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்ததுதான். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. அன்றைக்கென்று பார்த்துக் கல்வி அதிகாரி வந்து சேர்ந்தார்.

அவர் வந்ததே டீச்சரை எடைபோடத்தான். வருஷக்கணக்காகத் தற்காலிகமாகவே காலம் தள்ளுகிறவள் அவள். அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்தால் வேலை நிரந்தரம். முகத்தைச் சுளித்தால், வீட்டுக்குப் போய்ப் புருஷனுடைய தையல் கடையில் பொத்தான் வைக்க வேண்டியதுதான். புருஷன் காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தான்: "இந்தா பாரு, அவர் பகலை ராத்திரின்னு சொன்னா எந்திரிச்சு விளக்கைப் போடு. எதிர்த்து மட்டும் பேசிடாதே."

அதிகாரி கரும்பலகையைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"கல்லுக்கே பண்பா! மனுஷங்க கிட்டயே இல்லாத காலத்துல!"

"சார், இங்க பண்புன்னா குணம் இல்ல, தன்மை. கனமா, லேசா, சொரசொரப்பா, வழவழப்பா..."

அதிகாரியோடு கூட வந்திருந்த தலைமையாசிரியர் அவள் காலை ஓங்கி மிதித்தார். "தன்மையா நடந்துக்கணும்னு சொல்ல வர்றாங்க சார்."

"அதேதான்!" என்றார் அதிகாரி.

அடுத்த வாரமே சகல பள்ளிகளுக்கும் உத்தரவு பறந்தது. இனிமேல் கற்களானவை பண்புள்ளவை, பண்பற்றவை, திருந்தக்கூடியவை என மூவகையாகப் பிரிக்கப்படுதல் வேண்டும். இதில் எவ்விதத் தளர்வும் அனுமதிக்கப்படமாட்டாது. வழவழப்பான கூழாங்கல் பண்புள்ளது. முனை உள்ள கல் பண்பற்றது. உரசினால் பொறி பறக்கும் கல்லுக்கு முன்கோபம். குதிகால் தேய்க்கும் கல் தண்ணீரில் மிதப்பதால் அதற்கு ஒரு நிலை கிடையாது. காந்தக்கல்லைப் பற்றித்தான் அலுவலகத்தில் பெரிய விவாதம் நடந்தது. அடுத்தவன் ஆணியைத் தன் பக்கம் இழுப்பது எந்தக் கணக்கிலும் திருட்டுத்தான் என்று முடிவாகி, அதைப் பூட்டி வைக்கச் சொன்னார்கள்.

அப்புறம் ஊருக்குப் பைத்தியம் பிடித்தது. கண்ணாடி அலமாரியில் கூழாங்கல் இல்லாத வீடு வீடே இல்லை என்றாயிற்று. கையில் கூழாங்கல்லை உருட்டிக்கொண்டு நடந்தால்தான் கௌரவம். பள்ளி வாசலில் அம்மாமார்கள், பிள்ளை கொண்டுவந்த கருங்கல்லைச் சுவரில் தேய் தேய் என்று தேய்த்தார்கள். "எங்க வீட்டுக் கல்லு இப்ப எவ்வளவோ அடங்கிடுச்சுங்க," என்று ஒருத்தி சொன்னால், "எங்களுது பொறந்ததுலேருந்தே சாது," என்பாள் இன்னொருத்தி. சுவர்தான் கரைந்தது.

டீச்சர் எத்தனையோ தடவை உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். ஆனாலும் பொத்தான் நினைப்பு வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். பிள்ளைகளுக்கு மட்டும், கதவைச் சாத்திவிட்டு, பழைய பாடத்தையே நடத்தினாள்.

கடைசியில் பெரிய மண்டபத்தில் செயல்விளக்கம் என்று ஏற்பாடானது. மேசை மேல் கற்கள், வாளியில் தண்ணீர், எதிரே அம்மா அப்பாக்கள். டீச்சரின் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு அதிகாரியின் சட்டைப்பையில் தயாராக இருந்தது. விளக்கம் சொல்ல முன்னே வந்தது 'ஏன்' குட்டி. எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்டுக் கேட்டு அந்தப் பெண்ணுக்கு அதுவே பேராகிவிட்டது.

"இதுல பண்புள்ள கல்லு எதும்மா?" என்றார் அதிகாரி.

அவள் ஒவ்வொன்றாகத் தூக்கினாள், கீறினாள், தண்ணீரில் போட்டாள். "இது கனம். இது சொரசொரப்பு. இது மிதக்குது. கல்லுல நல்ல கல்லு, கெட்ட கல்லெல்லாம் கிடையாது சார். எங்க டீச்சர் சொன்னாங்க."

அதிகாரியின் கை சட்டைப்பைக்குள்ளேயே நின்றது.

"அப்படியா சொன்னீங்க டீச்சர்?"

ஆமாம் என்று ஒரு சொல். அதைச் சொல்ல எத்தனை நாளாகத் தவித்தாள்! குழந்தை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சர் கல்லாய் நின்றாள்.

"டீச்சராவது, அப்படிச் சொல்றதாவது!" என்று சிரித்த தலைமையாசிரியர், 'ஏன்' குட்டியைத் தோளைப் பிடித்து நகர்த்தி, திருந்தக்கூடிய கற்களின் பக்கத்தில் நிறுத்தினார். ஜனங்கள் கை தட்டினார்கள். அதிகாரி உத்தரவை எடுத்து வாசித்தார்: "வைத்த இடத்தில் இருந்து, வாய் திறவாமல் பணியாற்றும் இவரது பண்பினைப் பாராட்டி..." மறுபடி கைதட்டல். டீச்சர் அதை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள்.

'ஏன்' குட்டி பக்கத்தில் வந்து அவள் கையைப் பிடித்தாள். சொல்லிக்கொடுத்தபடியே, நகத்தால் ஒரு கீறு கீறினாள். வெள்ளையாகக் கோடு விழுந்தது.

"மெத்துன்னு இருக்கு. நீங்க கல்லு இல்லையே டீச்சர். பின்ன ஏன் பேசல?"

"போய் உக்காரும்மா," என்றாள் டீச்சர்.

கீறிப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது என்பதுதான் பாடம். ஆகவே குட்டி தலைமையாசிரியர் கையைக் கீறினாள். கோடு விழுந்தது. முன்வரிசையில் கை தட்டிய அம்மா அப்பாக்களின் கையை ஒவ்வொன்றாகக் கீறிக்கொண்டே போனாள். அத்தனை கையிலும் கோடு விழுந்தது. மண்டபத்தில் ஒரு கல்கூட அகப்படவில்லை. கடைசியாக அதிகாரியின் கையைப் பிடித்தாள்.

"ஆ!" என்று கையை உதறினார் அவர். "என்ன பிள்ளை இது! முதல்ல நகத்தை வெட்டுங்க!"

அந்த உத்தரவும் உடனே அமலுக்கு வந்தது. நகவெட்டி டீச்சர் பையில் இருந்தது. அவளே மண்டியிட்டு உட்கார்ந்து, அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, ஒட்ட வெட்டிவிட்டாள்.