கூரை அக்காவின் ஜிங்க் கணக்கு

சீவிய ஐஸில் சிரப் ஊற்றிய ஐஸ் காச்சாங்கைப் பார்த்தால் எல்லோருக்கும் நாக்கில் எச்சில் ஊறும். கூரை அக்காவுக்கு மட்டும் ஆணி தெரியும். கிள்ளானில் மட்டும் இல்லை, மலேசியாவில் மட்டும் இல்லை, இந்த உலகத்திலேயே எந்தச் சாப்பாட்டின் விலையையும் கூரைச் சாமானாக மாற்றிச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான் என்று என் மோட்டார் சைக்கிள் மேல் சத்தியம் செய்வேன்.

"என்னாடா தம்பி அது, ஐஸ் காச்சாங்கா? ஒரு பிடி ஆணிய நக்கிக்கிட்டு நிக்கிற."

இப்படிக் கேட்ட பிறகு யாருக்குத் தொண்டையில் இறங்கும்? கோழி வைத்த நாசி லெமாக் சோறு வாங்கினால் "கோழி வேணாம்னா ரெண்டு ஸ்க்ரூ மிச்சம்" என்பார். ஒரு தடவை தலைமுடிக்குப் பழுப்பு கலர் அடித்துக்கொண்டு வந்தேன். என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லா இருக்குடா. தலையில அரை ஜிங்க் தகடு போட்டிருக்க. மழை வந்தா நீ மட்டும் நனைய மாட்ட."

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருக்கத்தான் வேண்டும். எங்கள் வரிசையில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. நாற்பதுக்கு மேல் வயது, தனி ஆள், ரப்பர் கையுறை ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பின்பக்கம் இரண்டு சமையலறைக்கும் ஜிங்க் கூரை, நடுவில் மழைத்தண்ணீர் ஓட இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே தகரக் கால்வாய், அதுதான் கட்டர். அந்தக் கட்டர் நான் பிறப்பதற்கு முன்பே துருப்பிடிக்க ஆரம்பித்து, நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்ட நேரத்தில், என்னைப் போலவே எதை ஊற்றினாலும் உள்ளே நிற்காத நிலைக்கு வந்துவிட்டது.

கூரையை மாற்றக் காசு சேர்ப்பதுதான் அக்காவின் வாழ்க்கை லட்சியம். அதற்காக அவர் சிக்கனம் பிடித்த விதத்தைச் சொன்னால் நான் புளுகுகிறேன் என்பீர்கள். வீட்டில் ஒரே பல்புதான். எந்த அறைக்குப் போகிறாரோ அந்த அறையில் கழற்றி மாட்டுவார். ஒரு தடவை முக்கிய டீ பாக்கெட்டைத் துணி காயப்போடும் கயிற்றில் கிளிப் மாட்டி உலர்த்துவார். ஃபேக்டரியில் கழித்துப் போட்ட கையுறைகள் அவர் வீட்டில் செய்யாத வேலை இல்லை. ஒரு கல்யாண வீட்டில் மிச்சச் சாப்பாட்டைத் தாபாவ் கட்டி எடுத்துவரப் பை தீர்ந்து போனபோது, கைப்பையிலிருந்து புதுக் கையுறை ஒன்றை எடுத்துக் கேசரியை அதில் நிரப்பிக்கொண்டு வந்தார். ஐந்து விரல் கேசரி. கட்டைவிரலை எனக்குக் கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தது.

ஒழுகுகிற இடத்தில் எல்லாம் கூரைக் கட்டையில் ஒரு கையுறையைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார். மழை பெய்தால் ஐந்து விரலும் வீங்கி, சமையலறை முழுக்கப் பசுமாடு தலைக்கு மேல் நிற்கிற மாதிரி மடி மடியாகத் தொங்கும். மழை விட்ட பிறகு ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பக்கெட்டில் கறப்பார்.

அவரும் ஏமாந்திருக்கிறார். மலிவாகக் கிடைக்கிறதென்று சிமெண்டு மூட்டைகளை வாங்கி, சரியாக ஒழுகுகிற இடத்துக்குக் கீழேயே அடுக்கிவிட்டார். எல்லாம் கல்லாகிவிட்டது. இப்போது அவை வாசலில் பெஞ்சாகக் கிடக்கின்றன. கேட்டால் அதற்கும் பதில் இருக்கிறது. "சேமிப்புன்னா அசையக் கூடாதுடா. இது அசையுதா பாரு."

போன வருஷம் அம்மா போய்ச் சேர்ந்தார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. படத்தை ஹாலில் மாட்டாமல் சமையலறையில் மாட்டினேன். அங்கேதானே எப்போதும் இருந்தார். அந்த மாதமே சமையலறை ஒழுக ஆரம்பித்தது. அம்மா இல்லாமல் வீடே அழுகிறது என்று நினைத்து நானும் தரையில் உட்கார்ந்து கூட அழுதேன்.

கூரை அக்கா வந்து எட்டிப் பார்த்தார்.

"எவன்டா சொன்னான் இப்பத்தான் ஒழுகுதுன்னு? வருஷக் கணக்கா ஒழுகுது. நீ குறட்டை விட்டுக்கிட்டு கெடப்ப. உங்கம்மா எழுந்து பக்கெட்ட கொட்டிட்டு, தரைய தொடச்சிட்டு, அப்புறம்தான் உன்ன எழுப்புவாங்க."

இத்தனை வருஷம் அந்த வீட்டில் தூங்கியிருக்கிறேன், ஒரு சொட்டுக்கூட எனக்குத் தெரியவில்லை. இதைக் கேட்டபின் அழுகைகூட நின்றுவிட்டது.

செந்தூல் ஃப்ளேட்டில் இருக்கும் சித்தி, அம்மாவின் தங்கை, ஒரு நாள் வந்து பக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பக்கெட் மேல் கொஞ்சம் அதிக நம்பிக்கை வைத்த மாதிரி தெரிந்தது.

"தனியா இத பாத்துக்க உன்னால ஆகாதுடா. வித்துட்டு எங்ககூட வந்துரு. தலை தெவசத்துக்கு வருவேன். அன்னிக்கு உங்கம்மா படத்து மேல ஒரு சொட்டு விழுந்தாலும் விக்கிறோம். சரியா?"

"சரி சித்தி" என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான்.

உடனே பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். "அக்கா, என் பக்கத்த மட்டும் நான் செஞ்சுக்கிறேனே?"

"செய்வடா, செய்வ! உன் பக்கம் புது ஜிங்க் போட்டு ஏத்திட்டா, மொத்த தண்ணியும் அந்த ஓட்ட கட்டர்ல ரொம்பி என் பக்கம்தான் ஊத்தும். நான் என்னா மீனா? செஞ்சா ரெண்டு பக்கமும், கட்டரும் சேத்துத்தான். அதுவரைக்கும் டின்னுல போடு."

அன்றிலிருந்து அக்காவைப் போல எனக்கும் காசு சேர்க்க ஒரு பிஸ்கட் டின். அவரவர் பக்கம் அவரவர் செலவு, கட்டர் பாதிப் பாதி. சம்பள நாளில் நான் வேலை செய்யும் போர்ட் கிள்ளான் கிடங்கிலிருந்து வந்ததும், இருவரும் வாசலில் நின்று டின்னைக் குலுக்கிக் காட்ட வேண்டும். அவர் காதை வைத்துக் கேட்டு அளவு சொல்வார். ஒரு மாதம் செலவு கையைக் கடித்தது. சத்தத்துக்காகக் கிடங்கில் கிடந்த போல்ட்டுகளை அள்ளிப் போட்டுக் குலுக்கினேன்.

கண்ணை மூடிக் கேட்டார். "இது காசு சத்தம் இல்ல, போல்ட்டு சத்தம். நல்ல போல்ட்டுதான். எடுத்து வை, கூரைக்கு ஆகும்."

அதற்கு மேலும் திருந்தாத ஜென்மம் நான். தெவசத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, கட்டருக்கு வைத்திருந்ததை எடுத்து மோட்டாருக்கு எக்ஸோஸ்ட் குழாய் வாங்கினேன். வரிசையே அதிர வந்து இறங்கியதும் அக்கா தூக்கக் கண்ணோடு வெளியே வந்தார்.

"என்னா சத்தம்டா அது?"

"புது எக்ஸோஸ்ட்டுக்கா."

மோட்டாரை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினார். "நல்ல கட்டர். ஆனா தண்ணி போவாது."

ஏன் வாங்கினாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். வேலை முடிந்து சத்தமே இல்லாத வீட்டுக்கு வருவது பிடிக்கவில்லை. நானாவது சத்தத்தோடு வரலாமே என்று வாங்கினேன்.

கான்ட்ராக்டர் பையன் வந்து பார்த்தான். அக்கா வீட்டுக் கூரையைத் தட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்கும்போது, நிரம்பிய கையுறை ஒன்றில் தலையை முட்டிக்கொண்டான். அது படாரென்று வெடித்து ஆளை முழுக்காட்டியது.

"அடோய்! என்னாக்கா, மேல மாடு வளக்கிறீங்களா?"

துடைத்துக்கொண்டு கணக்கைச் சொன்னான். கட்டருக்குக் காசு இல்லாமல் இரண்டு பக்கமும் போட்டுப் பிரயோஜனம் இல்லை. ஏதாவது ஒரு பக்கத்தை மட்டும் உயர்த்திப் போட்டால் அந்தப் பக்கம் காயும். "மத்த பக்கம் நீச்சல் குளம்தான். முடிவு பண்ணி சொல்லுங்க பாஸ்."

நான் என் டின்னை அக்காவிடம் கொடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் வேலைக்குக் கிளம்பினேன். சித்தியிடம் எப்படிச் சொல்வது என்று போகும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். எக்ஸோஸ்ட் போட்ட சத்தத்தில் என் ஒத்திகை எனக்கே கேட்கவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தால், என் சமையலறை மேல் புது ஜிங்க் பளபளவென்று மின்னுகிறது. அக்கா சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தார்.

"உன் டின்னுல இருந்தது உன் பக்கத்துக்கு சரியா இருந்துச்சு. போட சொல்லிட்டேன்."

"அக்கா, மழை வந்தா மொத்தமும் உங்க பக்கம்..."

"எங்கிட்டத்தான் கையுறை இருக்கே. உங்கிட்ட என்னா இருக்கு, எக்ஸோஸ்ட்டா?"

தெவசத்தன்று வேண்டுமென்றே வந்த மாதிரி மழை வந்தது. படையல் போட்டு விளக்கு ஏற்றியிருந்தோம். சித்தி கும்பிட்ட கையோடு கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அம்மா படத்தையே பார்த்தேன். ஜிங்க் மேல் மழை கல் எறிகிற மாதிரி விழுந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. விளக்கு நின்று எரிந்தது. எனக்குத்தான் கண்ணில் ஒழுகியது. அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் டமார் என்று ஒரு கையுறை வெடித்தது. தொடர்ந்து இன்னொன்று. "அடச்சீ!" என்று அக்காவின் குரல்.

"பக்கத்து வீட்ல என்னாடா சத்தம்?" என்றார் சித்தி.

"அக்கா குளிக்கிறாங்க சித்தி."

"பாத்ரூம்லயா?"

"வீடு முழுக்க."

கொஞ்ச நேரத்தில் ஈரத் தலையோடு அக்காவே வந்துவிட்டார். அம்மா படத்தைத் தொட்டுக் கும்பிட்டார். இலையில் உட்கார்ந்து, வடைக்கு நடுவில் சித்தியின் கழுத்தை உற்றுப் பார்த்தார்.

"சங்கிலி அழகா இருக்கு ஆன்டி. ரெண்டு வீட்டு கூரை, கட்டரோட."

சித்தி முந்தானையை இழுத்துச் சங்கிலியை மூடிக்கொண்டார். மழை விட்டதும் கிளம்பினார். வாசலில் என் தலையைத் தடவி, "இருந்துக்கடா. ஆனா அந்தம்மாகிட்ட ஜாக்கிரதை" என்றார். வீடு விற்கிற பேச்சு அதோடு போயிற்று.

எக்ஸோஸ்ட்டை விற்றுவிட்டேன். வாங்கிய விலையில் பாதிகூட வரவில்லை. என் வியாபாரம் அப்படித்தான். என் டின் இப்போது கட்டருக்காகக் குலுங்குகிறது, பாதிக்கு இல்லை, முழுக் கட்டருக்கும். நேற்று ஐஸ் காச்சாங் கடைக்கு முன்னால் நின்று, ஆணி ஆணியாகத் தெரிந்து, வாங்காமலே வந்தேன். எனக்கும் முற்றிவிட்டது.

அக்கா வீட்டுச் சாவி ஒன்று அம்மா காலத்திலிருந்தே எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. மழை பெய்த நாளில், அவர் ஷிஃப்ட் முடிந்து வருவதற்கு முன்னால் எழுந்துவிடுகிறேன். கையுறைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பக்கெட்டில் கொட்டி, தரையைத் துடைத்து, பூட்டிவிட்டு வந்து படுத்துக்கொள்கிறேன். விடிந்ததும் வாசலில் குரல் கேட்கும்.

"டேய் தம்பி, நேத்து மழையே பெய்யலையாடா? என் வீடு காஞ்சு கெடக்கு."

"தெரியலக்கா. நான் குறட்டை விட்டு தூங்கிட்டேன்."