பிங் அண்ணையும் மூன்றாம் மாடிச் சோறும்

கண்ணால் கண்டதை நம்பாத மனிதர் இந்த லண்டனிலேயே ஒருவர்தான். அவரும் எங்கள் அலுவலகத்தில் வந்து வாய்த்தார். கம்ப்யூட்டர்களுக்கு "இருக்கிறியா?" என்று பிங் அனுப்பிப் பதில் வாங்குவதே வேலை என்பதால் பிங் அண்ணை. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒருநாள் பிரிண்டர்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "இந்தப் பிரிண்டர் இல்லை" என்றார்.

"அண்ணா, அதுமேலதான் சாஞ்சிருக்கீங்க."

"சாயலாம் தங்கச்சி. கேட்டனான், பதில் சொல்லேல்லை. அப்ப இல்லைத்தானே."

மதுரைக்காரி நான், எதற்கும் இருக்கட்டும் என்று பிரிண்டரை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

எங்களுடையது ஈஸ்ட் ஹாமில் மூன்று மாடிச் சரக்குக் கம்பெனி. மாடிக்கொரு நெட்வொர்க். கீழ் மாடியில் இருந்து பிங் அனுப்பிச் சத்தம் போட்டால் மேலே கேட்காதாம். மாடிகளை இணைக்கிற ரவுட்டர் பெட்டி நடுவில் மறித்துவிடுமாம். "அதால ரவுட்டரிட்டயே கேக்கோணும், உனக்கு ஆர் ஆரைத் தெரியும் எண்டு," என்றார் அண்ணை.

"எங்க ஊர் கல்யாணத் தரகர் மாதிரி."

"ஓம். ஆனா இது சாதகம் கேக்காது."

இப்படிக் கேட்டுக் கேட்டு, அலுவலகத்தில் உள்ள அத்தனை சாதனங்களையும் ஒரு பெரிய மேப்பாக வரைந்துகொண்டிருந்தார். தணிக்கைக்கு ஆள் வரப்போகிறது என்று மேனேஜர் அவசரப்படுத்தினார். சொந்தச் சாதனத்தை யாராவது நெட்வொர்க்கில் மாட்டியிருந்தால் வேலை போய்விடும் என்று சுற்றறிக்கையும் விட்டார். மூன்றாம் மாடிச் சமையலறை அலமாரியில், கோப்பைகளுக்குப் பின்னால், என் வைஃபை ரைஸ் குக்கர் இருந்தது. என் சீட்டில் உட்கார்ந்தபடியே போனைத் தட்டினால் பன்னிரண்டரைக்குச் சுடச்சுடச் சோறு. நானோ தகுதிகாண் காலத்தில் இருந்தேன். வேலை போனால் விசாவும் போச்சு.

கழற்றலாம் என்று எழுந்தேன். அதற்குள் மூன்றாம் மாடி ரவுட்டர் என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது. எந்தக் கருவியானாலும் அதன் எண்ணின் முதல் பாதி, செய்த கம்பெனியைச் சொல்லிவிடுமாம்.

"சட்டி பானை செய்யிற கொம்பனி," என்றார் அண்ணை, திரையைப் பார்த்து.

"சட்டி பானைக்கு என்னத்துக்கு நெட்வொர்க்? ஆரோ ஒளிச்சு வச்சு ஒட்டுக் கேக்கிறாங்கள்," என்று மேனேஜர் வெளிறிப்போனார். மாடி முழுக்கச் சோற்று மணம். கணக்குப்பிள்ளையைத் தவிர ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. "அண்ணை, மணக்குதே" என்றவரிடம், "மணத்தை மேப்பில போடேலாது" என்றார் பிங் அண்ணை.

லேப்டாப்பை ஏந்திக்கொண்டு, சிக்னல் கூடக் கூட நடந்து, நேரே அலமாரிக்கு வந்தார். நான் பின்னாலேயே போனேன். கதவைத் திறந்தார். குக்கரைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன அரிசி?"

"பொன்னி," என்றேன்.

"ம்," என்று கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

இரவெல்லாம் பெட்டி கட்டுவதைப் பற்றியே யோசித்தேன். மறுநாள் காலை மேப் சுவரில் ஒட்டியிருந்தது. மூன்றாம் மாடி, ரைஸ் குக்கர். உரிமையாளர் என்ற இடத்தில் பிங் அண்ணையின் பெயர். மதியத்துக்குள் அவர் மேசைக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டது.

"ஏண்ணா இப்படிச் செஞ்சீங்க?"

"பதினாறு வருசமா இருக்கிறன். எனக்குக் கடிதத்தோட விட்டிடுவாங்கள். உம்மை அனுப்பிப் போடுவாங்கள்." கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "குக்கரை வீட்டுக்குக் கொண்டு போம். போறதுக்கு முதல், சோறு கிடந்தா கொஞ்சம் போடும்."

போட்டேன். கூடப் பிறந்தவன் ஒருவன் இருந்தால் இப்படித்தான் இருப்பான் என்று தோன்றியது. அழுதுவிடக் கூடாதே என்று, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த ரசத்தையும் ஊற்றினேன்.