மேடம் சிஸ்

தங்கமணி தைத்துக்கொண்டிருந்த பிளவுஸை அப்படியே போட்டுவிட்டு அலறினாள்.

"ஷாமினி! உன் மாமியார் இங்கிலீஷ்ல அனுப்பியிருக்காங்க!"

பூச்சோங்கில் இருக்கும் வீரம்மா இன்னும் மாமியார் ஆகவில்லை. அவர் மகன் குருவும் ஷாமினியும் காதலித்து, இரண்டு வீட்டிலும் சம்மதம் வாங்கியாயிற்று. அம்மாக்கள் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. கல்யாணப் பேச்சை வாட்சப்பிலேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

தங்கமணி முடிவாக இருந்தாள். தங்கள் ஊரான கிள்ளானிலேயே பெரிய மண்டபம், ஆயிரம் பேருக்குக் கல்யாண விருந்தாக டின்னர். ஊரார் டின்னரில் எல்லாம் கை நனைத்தவள் பதிலுக்கு இலை போடாமல் விடுவாளா? "கோயில்ல சின்னதா போதும்மா" என்று ஷாமினி சொன்னது தையல் மிஷின் சத்தத்தில் அமுங்கிப்போனது.

ஷாமினி செய்தியைப் படித்தாள். "குட் மார்னிங் மேடம். கைண்ட்லி அட்வைஸ் அபௌட் தி டின்னர்."

"மேடமா? கோவமா இருக்காங்களா?"

"இது ஃபார்மல்மா. படிச்சவங்கபோல."

"நாம எப்படிப் பேசறது?"

"ஃப்ரெண்ட்லியா பேசுவோம், நெருக்கம் வரும்." ஷாமினி தட்டினாள்: "ஹாய் டியர்! டோன்ட் வொரி லா, ஹால் ரெடி!"

வந்த பதில் ஒரே சொல்: "நோட்டட்."

"அப்படின்னா?"

"கவனிச்சுக்கிட்டோம்னு அர்த்தம்."

"எதைடி கவனிச்சாங்க? டியர்னு போட்டது தப்பாப் போச்சு. மரியாதையா எழுது."

"டியர் மேடம், வீ ஆர் டீப்லி ஹானர்ட்" என்று தொடங்கி, கவர்னருக்கே அனுப்பலாம் போல ஒரு கடிதம் போயிற்று.

பதில்: "ஹே சிஸ், ஒய் சோ சீரியஸ்? சில் லா!"

"அலட்டிக்காதேன்னு கிண்டல் பண்றாங்க, பாத்தியா!"

உடனே "ஓகே சிஸ், நோ ப்ராப்ளம் லா" என்று இறங்கினார்கள். அங்கிருந்து "வித் ரெஃபரன்ஸ் டு யுவர் மெசேஜ்" என்று ஏறியது. இவள் ஏறினால் அந்தம்மா இறங்கினார். இவள் இறங்கினால் அந்தம்மா ஏறினார். கவலையில் தங்கமணி ஒரு வாடிக்கையாளரின் பிளவுஸுக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டாள்.

அதைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்தப் பயங்கரம் அவளுக்கு உறைத்தது.

"டின்னர்ல ரெண்டு அம்மாவையும் மேடையில ஏத்தி மைக்கைக் குடுப்பாங்களே! அந்தம்மா ஃபார்மலா பேசும்போது நான் 'சில் லா'ன்னு சொல்லிட்டா? கல்யாணமே நின்னுபோயிடும்டி!"

"அதுக்கு என்னம்மா செய்ய?"

"மண்டபம் வேணாம். கோயில்லயே வெச்சுக்கலாம். அங்க ஐயர் மட்டும்தான் பேசுவாரு."

"ஐயோ, அவங்க ஒத்துக்கணுமே!" என்று ஷாமினி கையைப் பிசைந்தாள்.

செய்தி போனது. "ஓகே!" என்று பதில் வந்தது. அது ஃபார்மலா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் தங்கமணி நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வீரம்மா குடும்பத்தோடு வந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று தங்கமணி இரண்டு தினுசு இங்கிலீஷையும் கலந்து வைத்திருந்தாள்.

"வெல்கம், மேடம் சிஸ்!"

வீரம்மா வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "தேங்க் யூ... டியர் மேடம்."

பிறகு இருவரும் சிரித்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். மேற்கொண்டு இரண்டு பக்கமும் சரக்கு இல்லை. தங்கமணி அவசரமாகத் தேத்தண்ணியை நீட்ட, அது வீரம்மாவின் கையில் கொட்டியது.

"ஐயோ, சுடுதே!"

தங்கமணி வாயைப் பிளந்தாள். "உங்களுக்குத் தமிழ் வருமா?"

"எனக்கு அது மட்டும்தான் வரும், சம்பந்தி! எனக்கும் பெரிய டின்னர்னுதான் ஆசை. உங்க இங்கிலீஷுக்குப் பயந்துதான் கோயிலுக்குத் தலையாட்டினேன்!"

"எனக்கு ஏது இங்கிலீஷ்? எல்லாம் ஷாமினி எழுதினது. உங்க மெசேஜெல்லாம்?"

"குரு எழுதிக் குடுத்தான்."

எல்லாரும் குருவைப் பார்த்தார்கள். குரு ஷாமினியைப் பார்த்தான். ஷாமினி அவசரமாகத் துணி எடுத்துவந்து, சிந்தாத இடத்தையெல்லாம் துடைத்தாள்.

அதுவரை வடையில் கவனமாக இருந்த வீரம்மாவின் கணவர் ராஜன், வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இவன் எங்க எழுதினான்? 'உங்கம்மாவுக்கு என்ன பதில் அனுப்ப'ன்னு தினமும் ஷாமினிக்குத்தான் போன் போட்டுக் கேப்பான்."