துறைத்தலைவர் உயிரோடிருப்பது தொடர்பாக

தேனி,
சனிக்கிழமை காலை.

மதிப்பிற்குரிய மச்சான் வேல்பாண்டி அவர்களுக்கு, தங்கப்பாண்டியன் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை மச்சான், செய்தியாகவே எழுதுகிறேன். வியாழக்கிழமை நான் இறந்துவிட்டதாக உங்களுக்கு வந்த தகவல் தவறு. அங்கு உங்கள் நலத்தையும் அக்கா நலத்தையும் அறிய ஆவல். முக்கியமாக, போனைப் போட்டுவிட்டு விழுந்த அக்கா எழுந்துவிட்டாளா என்று தெரிய வேண்டும்.

அன்று மத்தியானம் போன் செய்தது நானேதான். "அக்கா, நான் தங்கம் பேசுறேன்" என்றதும் அவள் "ஆத்தா!" என்று ஒரே அலறல். நீங்கள் போனை வாங்கி, "யார்றா நீ? செத்தவுக குரல்ல கம்ப்யூட்டர வச்சுப் பேசுறியா? அடுத்து ஓ.டி.பி. கேப்ப, அதான?" என்று நாலு வசவு வைதுவிட்டு என் நம்பரையே பிளாக் செய்துவிட்டீர்கள். என் மனைவி போனிலிருந்து பேசினேன், அதையும் செய்துவிட்டீர்கள். அதனால்தான் கையால் எழுதி, பூப்பாறை தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். இந்தக் கையெழுத்தை எந்தக் கம்ப்யூட்டராலும் எழுத முடியாது, இவ்வளவு மோசமாக எழுத அதற்கு வராது. போடிமெட்டில் சரிந்த மண்ணை நேற்று அள்ளிவிட்டார்களாம். பாதை திறந்ததும் அக்கா மாலையோடு கிளம்பிவிடுவாள் என்ற பயத்தில் முதல் ஜீப்பிலேயே அனுப்புகிறேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பல்கலைக்கழகத்து அயல்மொழித் துறை உங்களுக்குத் தெரிந்ததுதான். பிரெஞ்சுக்கு நான், ஜெர்மனுக்கு மகிமா என்று போடி கடைவீதிக்காரப் பெண், ஜப்பானிய மொழிக்கு மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஒரு அம்மா. போன வருஷம் முதலாண்டில் சேர்ந்தது மூன்றே பேர், அதில் ஒருவன் வேறு துறை என்று நினைத்துச் சேர்ந்தவன். இந்த வருஷம் பதிவாளர் கூப்பிட்டு, மாதக் கடைசிக்குள் பதினைந்து பேர் சேராவிட்டால் துறையை மூடிவிடுவோம், உங்களைப் போக்குவரத்துப் பொறுப்பாளராகப் போட்டுவிடுவோம் என்றார். இருபத்தைந்து வருஷம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவன் இனிமேல் சின்னமனூர் ரூட் பஸ் ஏன் லேட்டு, யார் டீசல் போட்டது என்று பார்க்க வேண்டும். ராத்திரி சோறு இறங்கவில்லை மச்சான். சரி, ஒரு மொழி விழா நடத்தி ஊர் ஜனங்களை வரவழைப்போம், பார்த்தால் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள் என்று மாணவர்களும் நாங்களும் சேர்ந்து முடிவு செய்தோம். ஜனங்கள் வந்தார்கள். அதில் குறை சொல்ல முடியாது.

விழாவுக்கு பிளக்ஸ் வைக்கும் பொறுப்பு ஹேமாவதிக்கு. கோம்பைப் பெண், மூன்றாமாண்டு, கெட்டிக்காரி. "சார், நம்மூரு பிளக்ஸ் மாதிரி சிங்கம் புலி வேணாம் சார். வாழ்த்தும் நெஞ்சங்கள்னு வரிசையா தலைகளும் வேணாம். கலரே வேணாம். பிரெஞ்சுக்காரவுக மாதிரி அடக்கமா வைப்போம்" என்றாள். நானும் சபாஷ் என்றேன். புதுச்சேரியில் படித்தபோது ஸ்டுடியோவில் எடுத்த, வானத்தைப் பார்க்கிற மாதிரியான என் கறுப்பு வெள்ளைப் படம். பக்கத்தில் ஒரு வெள்ளைப் பூ. கீழே, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு நன்றி என்று பிரெஞ்சில் ஒரு வரி. பிறகு தேதி, காலை பத்து மணி, பல்கலைக்கழகத்து அரங்கம். அவ்வளவுதான். பிரிண்ட் போட்ட கடைக்காரர் நல்ல மனுஷன். பெரிய மனுசரு படம் இப்படி வெறுமையா இருக்கே என்று மனசு கேட்காமல் கீழே இரண்டு மூலையிலும் மூலைக்கொரு விளக்கு ஏற்றி வைத்துவிட்டார், அதற்குக் காசும் வாங்கவில்லை. புதன்கிழமை சாயங்காலம் தேனி பஸ் ஸ்டாண்டிலும், சின்னமனூர் மார்க்கெட்டிலும், அம்மா வழிச் சொந்தம் இருக்கிற தேவதானப்பட்டி முக்கிலும் நான் சிரிக்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா என்று நீங்கள் நினைப்பீர்கள். துட்டி விழுந்த வீட்டுக்குப் போன் போட்டு "செத்தது நெசந்தானா" என்று யாராவது கேட்பார்களா? ரெண்டு பேர் நேராக வீட்டுக்கே வந்திருக்கிறார்கள். என் மனைவி தங்கச்சி வீட்டுக் காதுகுத்துக்கு மதுரை போயிருந்தாள், நான் விடியற்காலையிலேயே அரங்கத்துக்குப் போய்விட்டேன். பூட்டிக் கிடந்த வீட்டைப் பார்த்து, "பெரியாஸ்பத்திரியிலருந்து நேரா காலேஜுக்கே கொண்டாராக போல" என்று அவர்களே பேசி முடித்து வேனைத் திருப்பிவிட்டார்கள்.

வந்து இறங்கியவர்களைத் திருப்பியனுப்ப அங்கும் ஒன்றும் இல்லை மச்சான், எல்லாம் பொருந்திப் போய்விட்டது. வாசலில் ஜப்பானிய வகுப்புப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டை போட்டு இரண்டு வரிசையாக நின்று, அந்த நாட்டு வழக்கப்படி பேசாமல் குனிந்து குனிந்து வரவேற்றார்கள். நம்மாட்கள் துட்டி கேட்கிற மாதிரி ஒவ்வொருத்தன் கையையும் தொட்டுக்கொண்டே உள்ளே போனார்கள். பிரெஞ்சு ஸ்டாலில் பாலும் சீனியும் இல்லாத கடுங்காப்பி. துட்டி வீட்டில் வேறென்ன கொடுப்பார்கள்? குடித்துவிட்டு உட்கார்ந்தால், மேடையில் எங்கள் பிள்ளைகள் கொட்டு மேளம் எதுவும் இல்லாமல் மெதுவாக ஒரு பிரெஞ்சுப் பாட்டைப் பாடுகிறார்கள். முன்வரிசையில் நம்ம பொன்னாத்தாள் அத்தை முந்தானையை வாயில் வைத்து விம்ம ஆரம்பித்துவிட்டார்.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்பீர்கள். மேடைக்குப் பின்னால் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் இயர்போனை மாட்டி, என் பிரெஞ்சு வரவேற்புரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். ஹேமாவதி மூச்சிரைக்க ஓடி வந்து, "சார், உங்களுக்கு எரங்கல் கூட்டம் நடக்குது சார்" என்றாள். "நல்லா நடத்துங்க" என்று சொல்லிவிட்டேன், முதலில் காதில் விழவில்லை. பிறகு திரை ஓரம் போய்ப் பார்த்தால், மைக்கில் பதிவாளர். அந்த மனுஷன் முந்தின நாள் சாயங்காலம் என்னோடு டீ குடித்தவர். பஸ் ஸ்டாண்டு பிளக்ஸையும் இந்தக் கூட்டத்தையும் பார்த்து ராத்திரியோடு ராத்திரியாக முடிந்துவிட்டேன் என்று நம்பிவிட்டார். எல்லாரையும் ஒரு நிமிஷம் எழுந்து நிற்க வைத்துவிட்டு, "அன்னாரது துறையை மூடுவதாக இருந்தோம். பதினைந்து மாணவர்கள் சேர்ந்தால் அவர் நினைவாகத் தொடர்ந்து நடத்துவோம்" என்றார்.

அப்போது எழுந்தார் பாருங்கள் பெரியப்பா மகன் பேச்சிமுத்து அண்ணன். சின்னமனூரில் வாழைத்தார் மண்டி வைத்திருக்கிறாரே, பொதுக்கிணற்றுத் தகராறுக்குப் பிறகு என் முகத்திலேயே முழிக்காதவர். "பிரெஞ்சு படிச்சுப்புட்டு எவன்கிட்ட பேசப் போற?" என்று ஊர் முழுக்கக் கேட்டுத் திரிந்தவர். மைக்கைப் பிடித்து, "எந்தம்பி இருக்கும்போது அவன் அரும எனக்குத் தெரியலையே! எம் மகன இந்தத் தொறையிலதான் சேக்கப் போறேன், இது சத்தியம்" என்று தேம்பினார். அவர் சொன்ன பிறகு மற்றவன் சும்மா இருப்பானா? மாமன் முறை ஒருத்தர் மகளைச் சொன்னார், தேவதானப்பட்டிக்காரர்கள் வரிசையாகப் பேரப்பிள்ளைகளைச் சொன்னார்கள். பேச்சிமுத்து அண்ணன் உங்களுக்குப் போன் போட்டு மைக்கில் வைத்தார். நீங்களும், "எம் மச்சினன் மாதிரி ஒருத்தன் இந்த வம்சத்துல கெடையாது. சசிய எஞ்சினியரிங் சேக்கல, அவன் மாமன் படிச்ச படிப்பே படிக்கட்டும்" என்று சொன்னீர்கள். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்ல வெட்கமில்லை. இருபத்தைந்து வருஷத்தில் என் வேலையைப் பற்றி நம் குடும்பத்தில் யாரும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நான் நகரப் பார்த்தால் மகிமா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வியாபாரக் குடும்பத்துப் பெண், விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருக்கிறாள். "சார், அசையாதீக. பதிமூணு ஆயிருச்சு. இன்னும் ரெண்டே ரெண்டு."

"மகிமா, அத்தை அழுகுறாக."

"அழட்டும் சார். அவுகள அப்புறம் சமாதானம் பண்ணிக்கிடலாம், அட்மிஷன அப்புறம் பண்ண முடியாது."

அவள் சொன்னது நியாயம்தான். நானும் நின்றேன். ஆனால் அத்தை, "வெளிநாட்டுப் பேச்செல்லாம் படிச்ச ராசா, எனக்கு ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டியே" என்று மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்தார். என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். பதினைந்தாவது, துறை, பஸ் டீசல் எல்லாம் மறந்துபோய்க் கையை உதறிவிட்டு மேடைக்குப் போய், "அத்தை, நான் இங்கனதான் இருக்கேன்" என்றேன்.

பிறகு யாரோ, "இது அவரு தம்பியா?" என்றார். "அவனுக்கு ஏது தம்பி" என்றார் இன்னொருவர். அத்தை எழுந்து வந்து என் கன்னத்தைத் தடவிப் பார்த்தார், கிள்ளிப் பார்த்தார், பிறகு பளார் என்று ஒன்று விட்டார். "ஏலே, உசுரோட இருந்துக்கிட்டா இம்புட்டு நேரம் என்னைய அழவிட்ட?" என்றார். பேச்சிமுத்து அண்ணன் கையில் இன்னும் மைக் இருந்தது. "அப்ப நான் இம்புட்டு நேரம் பேசுனது?" என்றார். "ரொம்ப சந்தோஷம்ணே, பையனை எப்ப கூட்டிட்டு வாறீக?" என்றேன். "அது செத்தவனுக்குக் குடுத்த வாக்கு. நீதான் குத்துக்கல்லாட்டம் இருக்கியே, நீயே ஆள் சேத்துக்க" என்று சொல்லி மைக்கை வைத்துவிட்டு, வந்த கோபத்தோடே வேனில் ஏறிவிட்டார். அவர் பின்னால் மற்ற வாக்குகளும் ஏறிவிட்டன. கொண்டுவந்த மாலையை எனக்குப் போட யாருக்கும் மனசு வரவில்லை, திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகவும் கூடாது, அதனால் பிரான்ஸ் வரைபடத்துக்குச் சாத்திவிட்டுப் போனார்கள். கடைசியில் பதிவாளர் என்னைத் தனியே கூப்பிட்டு, "நீங்க இருக்கீங்க, மகிழ்ச்சி. ஆனா நினைவாகன்னு நான் சொன்னது நீங்க இல்லாத பட்சத்தில். பழைய உத்தரவு அப்படியே இருக்கு" என்றார்.

ஆக மச்சான், நான் செத்திருந்த ஒரு மணி நேரம் துறை உயிரோடு இருந்தது, நான் எழுந்து வந்ததும் அது போய்விட்டது. போகட்டும். உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். நான் உயிரோடிருப்பதைத் தோட்டத்துக் கோயில் மைக்கில் சத்தமாகச் சொல்லச் சொல்லவும். கம்பம், கூடலூர்ப் பக்கத்துச் சொந்தங்களுக்கும் ஒருவர் விடாமல் தெரிவிக்கவும். அக்காவைக் கிளம்ப விட வேண்டாம். மருமகன் சசிதரன் விஷயத்தில், துக்கத்தில் சொன்ன வார்த்தைக்கு நான் உங்களைக் கட்டிப்போட மாட்டேன். பையன் ஆசைப்படி எஞ்சினியரிங்கே படிக்கட்டும், என் மனசில் துளி வருத்தமில்லை. பொய்யாக ஒரு சேர்க்கை வாங்கித் துறை நடத்த எனக்கு விருப்பமில்லை, உண்மைதான் பெரிது.

அக்காவுக்கு என் அன்பு. மருமகனுக்கு என் ஆசிகள், பெரிய எஞ்சினியராக வரட்டும். உங்கள் முழங்கால் வலிக்கு மழை நேரத்தில் எண்ணெய் தேய்க்க மறக்க வேண்டாம்.

உயிருடன்,
தங்கப்பாண்டியன்

பி.கு.: ஜீப் சாயங்காலம்தான் கிளம்புகிறது என்றதால் கடிதத்தைத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். துட்டி வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது இல்லையா, அதனால் நான் மேடைக்கு வருவதற்கு முன்பே தேவதானப்பட்டிக்காரர்கள் பலபேர் வாக்குக் கொடுத்த கையோடு பேசாமல் பஸ் ஏறியிருக்கிறார்கள். இன்று மத்தியானம் பிள்ளைகளையும் சர்டிபிகேட்டையும் கூட்டிக்கொண்டு வந்து, என் படத்தைக் கும்பிட்டுவிட்டுச் சேர்த்துவிட்டுப் போனார்கள். மகிமா கண்ணைத் துடைத்துக்கொண்டே ரசீது போட்டாள், நான் பீரோவுக்குப் பின்னால் நின்றேன். அதைக் கேள்விப்பட்டு ரோஷத்தில் சின்னமனூர்க்காரர்கள் சிலரும் வந்துவிட்டார்கள், அவர்களுக்கு என் உயிர் ஒரு பொருட்டே இல்லை. இன்னும் ஒரே ஒருவர்தான் குறைகிறது. ஆகவே மேலே கண்ட எதையும் யாரிடமும் சொல்ல வேண்டாம், மைக் வேண்டவே வேண்டாம். மாதக் கடைசி வரைக்கும் நான் இல்லை. சசிதரனைத் திங்கட்கிழமை காலை முதல் ஜீப்பில் அனுப்பிவைக்கவும். வரும்போது முகத்தைக் கொஞ்சம் வாட்டமாக வைத்துக்கொள்ளச் சொல்லவும்.