மேலகீழ அக்காவின் லோட் ஓடர்

நுவரெலியா மாவட்டத்தில் மேலேயும் கீழேயும் ஏறி இறங்காத மனிதர் கிடையாது. ஆனால் எது மேலே இருக்க வேண்டும், எது கீழே இருக்க வேண்டும் என்று பிசகாமல் சொல்லத் தெரிந்த ஒரே ஆள், லிந்துலை பஜாரில் தையல் கடை வைத்திருந்த மேலகீழ அக்காதான். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன்.

அப்போது அவருடைய கடைக்குப் பக்கத்தில் நான் கொமியூனிகேஷன் வைத்திருந்தேன். போட்டோ கொப்பி, ரீலோட், பாஸ்போட் படம். இரண்டு கடைக்கும் நடுவில் பலகைச் சுவர். சுவரில் ஓர் ஓட்டை. அதன் வழியாக என்னுடைய இன்டர்நெட் வயர் அங்கே போகும். அவருடைய மெஷின் சத்தமும் திட்டும் இங்கே வரும்.

அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் எப்போதும் அளவு டேப். மெஷினுக்கு இடது பக்கம் ஸ்கூல் யூனிபோம் துணி, வலது பக்கம் கொம்பியூட்டர். கட்டாருக்கு வேலைக்குப் போன அவருடைய தம்பி விட்டுப்போனது. ஒருநாள் தூசி தட்டப் போனவர் அதில் இருந்த பஸ் ஓட்டுகிற கேமைத் திறந்துவிட்டார்.

"என்னா ரோட்டு தம்பி இது?" என்று ஓட்டை வழியாகக் கேட்டார். "வெளிநாட்டு ரோட்டாம். ஒரு வளைவு இல்ல, ஒரு குழி இல்ல, நடுவுல ஒரு மாடுகூட படுத்திருக்கல. இத ஓட்ட டிரைவர் எதுக்கு?"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "இதையெல்லாம் மாத்தலாம் அக்கா. ஆளுங்க மொட்டுன்னு செஞ்சு சும்மாவே போடுறாங்க. எறக்கி கேமோட சேர்த்தா ரோட்டு மாறும், பஸ்ஸு மாறும்" என்று சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான். மலை ரோட்டுக்கு ஒரு மொட். நம்ம ஊர் பிரைவேட் பஸ்ஸுக்கு ஒன்று. தேயிலை மலைக்கு, மழைக்கு, மாட்டுக்கு, புட்போர்டில் தொங்குகிற ஆட்களுக்கு. மூன்றே மாதத்தில் நூற்று அறுபது சேர்ந்துவிட்டன! மலையை மூடுகிற மிஸ்ட் மட்டும் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. "இதுவா மிஸ்ட்டு? யாரோ சாம்பிராணி போட்ட மாதிரி இருக்கு" என்று சொல்லி, எங்கெங்கோ தேடிப் படித்து, தானே ஒரு மிஸ்ட் மொட் செய்து இன்டர்நெட்டில் போட்டார். பெயர்: லிந்துலை மிஸ்ட்.

நூற்று அறுபதையும் அடுக்கி வைக்க மொட் மெனேஜர் என்று ஒரு சொப்ட்வெயார் உண்டு. இரண்டு மொட் ஒரே பொருளில் கை வைத்தால், பட்டியலில் மேலே இருப்பது சொல்வதைத்தான் கேம் கேட்கும். இந்த வரிசைக்குத்தான் லோட் ஓடர் என்று பெயர். ஒன்று இடம் மாறினாலும் கதை கந்தல். ஒருநாள் பஸ்ஸுக்குள்ளே மிஸ்ட், வெளியே பளீரென்று வெயில். இன்னொரு நாள் பஸ் முன்னால் போய்விட, பயணிகள் எல்லோரும் உட்கார்ந்த வாக்கிலேயே அந்தரத்தில் பின்னால் வந்தார்கள். ஒரு மாடு தேயிலை பெக்டரி அளவுக்கு வளர்ந்து ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. அக்கா அதற்கு அரை மணி நேரம் ஹோர்ன் அடித்துப் பார்த்தார்.

மெனேஜரில் தானாகவே அடுக்குகிற பட்டன் ஒன்று இருக்கிறது. அதை அவர் தொட்டதே இல்லை.

"தோட்டத்துக்குப் புதுசா வந்த தொரை மாதிரி தம்பி அது. நம்மள ஒரு வார்த்த கேக்காம எல்லாத்தயும் மாத்தும்."

அதனால் எல்லாம் கைவேலை. உடுப்பு அளவு எழுதுகிற கொப்பியிலேயே வரிசையையும் எழுதி வைப்பார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற சேர் ஒருவர், தன்னுடைய இடுப்பு அளவுக்குக் கீழே 'மழைக்கு மேல மாடு' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, கால்சட்டைத் துணியைத் திருப்பிக் கேட்டார். "அக்கா, பொக்கட் எங்க வைக்கப் போறீங்க?" என்று யாராவது கேட்டால் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பாலத்துக்குக் கீழ" என்பார். பஜார் அவருக்கு வேறு என்ன பெயர்தான் வைக்கும்?

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணி. அக்காவின் கடையில் ராசாத்தி உட்கார்ந்திருந்தார். பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர். விடிந்தால் மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு பிளவுஸ் இன்னும் வெட்டவே இல்லை.

அந்த நேரம் பார்த்து இரண்டு பையன்கள் வாசலில் வந்து நின்றார்கள். அரைக் கால்சட்டை, ஆளுக்கொரு லெப்டொப் பேக், குளிரில் பல் தந்தியடித்தது. குருநாகல் பக்கமாம். அதில் கசுன் என்பவன் சிங்களத்தில் கேட்டான்.

"மிஸ்ட் அய்யா இன்னவாத?"

மிஸ்ட் அண்ணன் இருக்கிறாரா என்று கேட்கிறான்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்கா டேப்பைப் பிடித்தபடி எழுந்து நின்றார்.

"மம தமாய்" என்றார். நான்தான்.

கசுன் அவரைப் பார்த்தான். ராசாத்தியைப் பார்த்தான். பிறகு, ஒரு நப்பாசையில், ஓட்டை வழியாக என்னைப் பார்த்தான். நான் அக்காவைக் கை காட்டினேன்.

அரைச் சிங்களத்திலும் அரைத் தமிழிலுமாக அவர்கள் சொன்ன விஷயம் இதுதான். இலங்கை முழுவதும் இருக்கிற பஸ் ரூட்டுகளை ஒன்றாகச் சேர்த்துப் பெரிய மொட் பெக் ஒன்றை இவர்களுடைய குழு இரண்டு வருடமாகச் செய்திருக்கிறது. அன்று மாலை ஆறு மணிக்கு வெளியிடுவதாக ஊரெல்லாம் சொல்லியாயிற்று. முந்தின நாளிலிருந்து கேம் பாதி வழியில் நின்று படுத்துவிடுகிறது. மொட் போடுகிறவர்களின் இன்டர்நெட் குழுவில் லோட் ஓடர் சந்தேகம் எதற்கும் பதில் சொல்கிற ஒரே ஆள், 'லிந்துலை மிஸ்ட்' என்ற பெயரில் இருப்பவர். போன் நம்பர் தெரியாது. பெயரில் ஊர் இருந்ததால் ஸ்டேஷனுக்குப் போய்க் கோச்சியேறி வந்துவிட்டார்கள்.

"மொதல்ல டீயக் குடிங்க" என்றார் அக்கா. "ராசாத்தி, ஒரு அரை மணி நேரம் பொறு."

அரை மணி நேரம்! பட்டியலில் நானூறு மொட் இருந்தது. அக்கா பாதியை நிறுத்தி, பாதியை ஓடவிட்டுப் பார்த்தார். படுத்தது. அந்தப் பாதியில் பாதி. மறுபடியும் படுத்தது. பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனது. கரண்ட் வருவதற்குள் பிளவுஸை வெட்டி முடித்தார். வந்தவுடன் கத்தரிக்கோலை வீசிவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார். கசுனும் கூட்டாளியும் துணிக் குவியலுக்கு மேலே உட்கார்ந்து நகம் கடித்தார்கள். பக்கத்து சலூன்காரர், ரொட்டிக் கடைக்காரர், திரீவீல் ஓட்டுகிறவர்கள் என்று வாசலில் ஒரு கூட்டமே கூடிவிட்டது. பஸ் ஒவ்வொரு தடவை மலையேறும்போதும் எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். படுத்தவுடன் "அடச்சே!" என்று ஒரே சத்தம்.

மூன்று மணிக்கு ராசாத்திதான் வாயைத் திறந்தார்.

"அக்கா, நானும் காலையில இருந்து பாக்குறேன். வெயில்ல நல்லாத்தானே ஓடுது? மூட்டம் வந்தாத்தானே நிக்குது?"

எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். மூட்டம் என்றால் மிஸ்ட். மிஸ்ட் என்றால் அக்காவுடையது. அவர்களுடைய பெக்கிலும் அதைத்தான் சேர்த்திருந்தார்கள்.

"அப்படி இருக்காது அக்கா" என்றான் கசுன், மரியாதைக்கு.

அக்கா மெனேஜரைத் திறந்தார். மிஸ்டை மட்டும் நிறுத்தினார். பஸ் கொட்டகலையைத் தாண்டியது, லிந்துலையைத் தாண்டியது, பட்டிப்பொல வரைக்கும் ஏறி நின்றது. வாசலில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். பையன்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். அக்கா மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தை அப்படி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"என்னுதுதான் கோளாறு" என்றார் மெதுவாக.

"பரவாயில்ல அக்கா. மிஸ்ட் இல்லாம வெளியிடுவோம். யாரும் கேக்க மாட்டாங்க" என்றான் கசுன்.

அவன் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"மிஸ்ட் இல்லாம எங்க மலையா?" அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார். "பாக்குறவன் இத எந்த ஊருன்னு நெனைப்பான்? தள்ளு!"

தன்னுடைய மொட்டைப் பிரித்துப் போட்டார். கேமின் பழைய பதிப்புக்கு எழுதிய கோப்பு ஒன்று உள்ளே கிடந்தது. மழை மொட்டிலும் அதே பெயரில் ஒரு கோப்பு. இரண்டும் ஒன்றையொன்று அமுக்கிக்கொண்டிருந்திருக்கின்றன. பழையதை வெட்டி எறிந்து, மிச்சத்தைத் திருத்தி, மழைக்குக் கீழே மிஸ்டை வைத்தபோது மணி ஐந்து நாற்பது.

பஸ் கிளம்பியது. வளைவு வந்தது. வெள்ளையாக மிஸ்ட் இறங்கியது. ஒருவரும் கண் சிமிட்டவில்லை. பஸ் லைட்டைப் போட்டுக்கொண்டு மிஸ்டுக்குள் புகுந்து, அந்தப் பக்கம் வெளியே வந்தது!

வாசலில் இருந்தவர்கள் போட்ட சத்தத்துக்கு எதிர்க் கடையில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. மற்றதெல்லாம் முன்பே இன்டர்நெட்டில் ஏற்றியிருந்தார்கள். திருத்திய மிஸ்டும் புதிய வரிசையும் மட்டும்தான் பாக்கி. வேகம் பங்கு போகக் கூடாதென்று என் கடையில் இருந்த எல்லாவற்றையும் இன்டர்நெட்டிலிருந்து கழற்றினேன். ஆன்லைனில் பரீட்சை விண்ணப்பம் போட வந்தவர் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஐந்து ஐம்பத்தெட்டுக்கு மிஸ்ட் போய்ச் சேர்ந்தது.

ஆறு மணிக்குக் குழுவில் வாழ்த்து கொட்டியது. முக்கால்வாசி, 'மிஸ்ட் அய்யாவுக்கு நன்றி' என்றுதான். கசுன் தயங்கித் தயங்கி, "உண்மையச் சொல்லட்டுமா?" என்று கேட்டான்.

அக்கா கொஞ்சம் யோசித்தார். "எழுது. அய்யா இல்ல, அக்கான்னு."

எழுதினான். பிறகு ஒருவன் 'அக்கா' என்று போட்டான். அதற்குக் கீழே இன்னொருவன். அப்புறம் திரை நிறைய அக்கா, அக்கா, அக்கா. எங்கள் அக்கா கண்ணாடியைக் கழற்றி, யாருடைய யூனிபோம் துணியிலோ துடைத்தார்.

ராசாத்தியின் பிளவுஸும் அன்றைக்கே முடிந்தது. கல்யாணத்தில் நானே பார்த்தேன். கை இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தன.

நான் இப்போது கொழும்பில் இருக்கிறேன். பஸ் கேம் எனக்கு இன்றைக்கும் ஓட்ட வராது; முதல் வளைவிலேயே பள்ளத்தில் விடுவேன். இருந்தாலும் அக்கா அனுப்புகிற மொட் எல்லாவற்றையும் என் கொம்பியூட்டரில் போட்டு வைத்திருக்கிறேன். மாதம் ஒரு தடவை போன் எடுத்து, "அக்கா, கேம் படுத்துருச்சு" என்று பொய் சொல்வேன். பாதியை நிறுத்து, பாதியை ஓடவிடு என்று ஒரு மணி நேரம் பொறுமையாகச் சொல்லித் தருவார். எது கோளாறு என்று அவர் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டிருப்பேன்.