வட்டமும் புள்ளடியும்

1986 ஒக்ரோபர் 11, சனிக்கிழமை, ரொறொன்ரோ. ஹோல்டன் கல்லூரியின் ஃபுட்போல் அணி அந்தப் பருவத்தின் ஐந்தாவது போட்டியில் 38க்கு 3 என்று தோற்றது. முன்னைய நான்கிலும் தோற்றிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, பயிற்சியாளர் பிரிச்சர்ட் களஞ்சியக்காரன் அகஸ்ரினைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அகஸ்ரின் ஒரு கடிதத்தை எதிர்பார்த்துப் போனான். அவனுக்கு இங்கே நிரந்தர வேலை உண்டு என்று பிரிச்சர்ட் எழுதிக் கொடுத்தால்தான் யாழ்ப்பாணத்தில் இருக்கும் மனைவி மக்டலீனை அழைக்க விண்ணப்பிக்கலாம். மூன்று கிழமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

மேசையில் கடிதம் இல்லை. அவன் வேலைக்குச் சேர்ந்தபோது நிரப்பிய படிவம் இருந்தது.

"காலேஜ் ஃபுட்போல் ரீம் கப்ரன், 1971," என்று பிரிச்சர்ட் வாசித்தார். "இதை ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை?"

"ஒருத்தரும் கேக்கேல்லை, சேர்."

யாழ்ப்பாணத்தில் காலேஜ் என்றால் பள்ளிக்கூடம். ஃபுட்போல் என்றால் காலால் உதைக்கும் உருண்டைப் பந்து. இங்கே பந்து மாங்கொட்டை போல இருந்தது. அதைக் கையில் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினார்கள். வந்த முதல் நாளே அகஸ்ரின் இதைக் கவனித்தான். ஆனால் திருத்தப் போனால் படிவத்தில் பொய் எழுதியவன் ஆகிவிடுவான் என்று பேசாமல் விட்டிருந்தான்.

"எந்த இடத்தில் விளையாடினீர்?"

"ஃபுல் பாக்."

அந்தப் பெயரில் ஓர் இடம் இந்த ஆட்டத்திலும் இருந்தது. பிரிச்சர்ட் கதிரையில் நிமிர்ந்தார்.

"கப்ரனாக இருந்தவர் இங்கே வந்து ஏன் சப்பாத்துத் துடைக்கிறீர்? நாங்கள் இடது பக்கம் ஓடினால் எதிரணி அங்கே முதலே நிற்கிறது. வலது பக்கம் ஓடினால் அங்கேயும் நிற்கிறது. யாரோ சொல்லிக் கொடுக்கிறார்கள்."

அகஸ்ரின் அடுத்த நாள் பழைய அணிப் படத்தைக் கொண்டுவந்து காட்டினான். பார்த்தால் சந்தேகம் தீரும் என்று நினைத்தான். படத்தில் பந்து இல்லை. வென்ற கேடயம்தான் இருந்தது. பிரிச்சர்ட் பென்சிலால் தலைகளை எண்ணினார்.

"பதினொரு பேர். கனடாவில் பன்னிரண்டு பேர் விளையாடுவார்கள். அமெரிக்காவில்தான் பதினொன்று."

"நான் அமெரிக்காவுக்குப் போனதே இல்லை, சேர்."

"நடுவில் வெள்ளை அங்கியோடு இருப்பவர் யார்?"

"ஃபாதர். அவர்தான் கோச்."

"உம்முடைய தந்தையா?"

"எனக்கு மட்டுமில்லை சேர். எல்லாருக்கும் ஃபாதர்."

பிரிச்சர்ட் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பதினொரு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

அதன் பிறகு, கரும்பலகையில் பிரிச்சர்ட் ஆட்டக்காரர்களை வட்டமாகவும் பெருக்கல் குறி போன்ற புள்ளடியாகவும் போட்டு ஆட்டத் திட்டத்தைக் கீறும்போதெல்லாம் அகஸ்ரின் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். தான் ஒன்றையும் பார்க்கவில்லை என்பதை எல்லோரும் பார்க்கட்டும் என்பது அவன் எண்ணம்.

"அங்கே நின்று என்ன மனப்பாடம் செய்கிறீர்?" என்று பிரிச்சர்ட் கேட்டார்.

ஆறாவது போட்டியிலும் ஹோல்டன் தோற்றது. 29க்குப் பூச்சியம். திங்கட்கிழமை பிரிச்சர்ட் கட்டடத்தின் பின்னால் போய், திறந்து கிடந்த குப்பைத் தொட்டியைக் கிளறினார். அணிக் கூட்டம் முடிந்ததும் அகஸ்ரின் சேகரித்துப் போடும் திட்டத் தாள்கள் அதில் முழுசாகக் கிடந்தன.

"சனிக்கிழமை கடைசிப் போட்டி. பார்க்வே கல்லூரியோடு," என்றார் பிரிச்சர்ட் அகஸ்ரினைக் கூப்பிட்டு. "ஒரு தாள் வெளியே போனாலும் உமக்குக் கடிதமும் இல்லை, வேலையும் இல்லை."

டோர்செட் பார்க் அடுக்குமாடியில் அகஸ்ரினோடு ஒரே வீட்டில் இருக்கும் மட்டக்களப்பான் குஞ்சித்தம்பி, பார்க்வே அணியின் உடுப்புகளைத்தான் தோய்த்துக்கொண்டிருந்தான்.

"உம்மோடு யார் இருக்கிறார்கள்?" என்று பிரிச்சர்ட் திடீரெனக் கேட்டார்.

"ஒரு தம்பி, சேர்."

"என்ன வேலை?"

"உடுப்புத் தோய்க்கிறது."

அது பொய்யில்லை. ஆனாலும் பிரிச்சர்ட் அதைக் குறித்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை கூட்டம் முடிந்ததும் அகஸ்ரின் நாற்பது தாள்களையும் எண்ணி, பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனான். சமையலறைத் தொட்டியில் வைத்துக் கொளுத்தினான். மூன்றாவது தாள் எரியும்போது புகை மணி அலறியது. கட்டடப் பொறுப்பாளர் எட்டு மாடி ஏறி வந்து கதவைத் தட்டினார்.

"என்ன சமைக்கிறீர்?"

"கடதாசி," என்றான் அகஸ்ரின், பதற்றத்தில்.

அவரும் எதையோ குறித்துக்கொண்டு போனார்.

மீதியைக் குப்பைக் குழாயில் போடப் பயமாக இருந்தது. கீழே யார் நிற்கிறார்களோ. கடைசியில் அகஸ்ரின் சமையலறை அலமாரித் தட்டுகளில் அவற்றை விரித்தான். கீறிய பக்கம் கீழே, வெறும் பக்கம் மேலே. அதன் மேல் மிளகாய்த்தூள், மஞ்சள், பெருஞ்சீரகப் போத்தல்களை அடுக்கினான்.

குஞ்சித்தம்பி தேநீர் போட வந்து ஒரு தாளின் மூலையைத் தூக்கிப் பார்த்தான்.

"இதென்ன அண்ணன், வட்டமும் புள்ளடியும்? எலெக்சன் கடதாசியா?"

"அது ஒண்டுமில்லை. போத்தலை அரக்காதை, இருந்த இடத்திலையே இருக்கட்டும்."

"ஒண்டுமில்லாததுக்கு ஏன் கையால மறைக்கிறீங்க?"

"சும்மா. தட்டு ஊத்தையாகும் எண்டுதான்."

அந்தக் கிழமை முழுவதும் அகஸ்ரின் வீட்டில் ஆட்டத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. குஞ்சித்தம்பி மழையைப் பற்றிக் கேட்டாலும் யோசித்துத்தான் பதில் சொன்னான்.

சனிக்கிழமை பார்க்வேயோடு விளையாடிய ஹோல்டன் 17க்கு 16 என்று வென்றது. பருவத்தின் ஒரே வெற்றி. ஹோல்டன் பையன்கள் திரும்பத் திரும்ப இடது பக்கமாகவே ஓடினார்கள். பார்க்வேக்காரர் திரும்பத் திரும்ப ஹோல்டனின் வலது பக்கத்தில் கூடி நின்றார்கள்.

பிரிச்சர்ட் ஈரத்தொப்பியைக் கழற்றாமலே களஞ்சியத்துக்குள் வந்தார்.

"தாள்களை என்ன செய்தீர்?"

"வீட்டை கொண்டுபோனன், சேர். ஒண்டும் வெளியில போகேல்லை."

"போகவில்லை என்று நான் இன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். ஆறு கிழமையாகக் குப்பைத் தொட்டிதான் எங்களைத் தோற்கடித்திருக்கிறது. உம்மைச் சந்தேகித்ததற்கு வருந்துகிறேன்."

அவரே தட்டெழுத்துப் பொறியில் உட்கார்ந்து கடிதத்தை அடித்துக் கையெழுத்திட்டார். நிரந்தர வேலை, சம்பளம் எல்லாம் எழுதிய பிறகு, கேட்காமலே ஒரு வரி சேர்த்திருந்தார்: 'இவர் கையில் கொடுத்த எதுவும் வெளியே போகாது.'

அகஸ்ரின் வழியில் ஒரு கோழி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கறிக்குத் தூள் போத்தலை எடுத்தபோது கையோடு கடதாசியும் வந்தது. அது பழைய செய்தித்தாள். மற்றப் போத்தல்களைத் தூக்கிப் பார்த்தான். எல்லாவற்றின் கீழும் செய்தித்தாள்தான்.

குஞ்சித்தம்பி கதவடியில் நின்றான். சனிக்கிழமையில் அவன் அந்த நேரத்துக்கு வீட்டில் இருப்பதில்லை.

"கடதாசியள் எங்கையடா?"

"எங்கட கோச்சும் பலகையில இப்பிடித்தான் கீறுவான், அண்ணன். நேற்றுக் காலமை அவனுக்கிட்டக் கொண்டுபோய்க் குடுத்திட்டன். என்னையும் நிரந்தரமாக்குவான் எண்டு நினைச்சன்."

அகஸ்ரின் அடுப்பை அணைத்தான். சட்டைப் பைக்குள் கடிதம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தான்.

"எல்லாத் தாளையுமா?"

"முப்பத்தேழையும்."

"அப்ப நாங்கள் எப்பிடியடா வெண்டனாங்கள்?"

குஞ்சித்தம்பி செய்தித்தாளை எடுத்து நாலாக மடித்தான்.

"அந்தாள் மணந்து பாத்தான் அண்ணன். 'எல்லாத்திலயும் இடது, இடது எண்டு கீறி, மேல மிளகாய்த்தூளும் தடவி ஆராவது வெளியில விடுவானா, இது ஹோல்டன்காரன்ட பொறி' எண்டு சொல்லி எல்லாரையும் வலது பக்கம் நிப்பாட்டினான். தோத்தாப் பிறகு, நான் உங்கட ஒற்றனாம் எண்டு என்னை வேலையால நிப்பாட்டிப் போட்டான்."

மக்டலீனின் விண்ணப்பம் திங்கட்கிழமை காலை தபாலில் போனது.